பூரணம் வைத்த பேரீச்சை: கொங்கு நாட்டில் நோன்பு திறக்கும் பழத்தின் வரலாறு

பேரீச்சம்பழத்தை நீளவாக்கில் கீறி, கொட்டையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பாதாம், முந்திரி, நிலக்கடலை, தேங்காய், வெண்ணெய் போன்ற ஏதேனும் ஒன்றை வைத்து மூடும் சிற்றுணவே பூரணம் வைத்த பேரீச்சை ஆகும். இதைச் செய்ய அடுப்பு தேவையில்லை. ரமலான் மாதத்தில் மாலை நோன்பு திறக்கும் நேரத்திற்கு முன் வீட்டிலுள்ள சிறுவர்கள்கூட இதைச் செய்துவிட முடியும். கோயம்புத்தூர் உக்கடம், கோட்டைமேடு, ஒப்பணக்காரத் தெரு, பெரிய கடை வீதி ஆகிய பகுதிகளில் ரமலான் நெருங்கும்போது பேரீச்சைக் கடைகள் பெருகும். அண்மைக் காலமாக, பாதாம் வைத்த பேரீச்சைகள் அழகிய பெட்டிகளில் அடுக்கி விற்கப்படுகின்றன.

இந்தப் பெட்டிகளைப் பார்ப்பவர் இது வளைகுடா நாடுகளிலிருந்து அண்மையில் வந்த புதுமை என்று எண்ணக்கூடும். உண்மையில் கொட்டையை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கும் வழக்கம் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது. அதன் மிகப் பழைய செய்முறைகளுள் ஒன்றில் பூரணமாகச் சொல்லப்படும் பொருள்களுள் மிளகும் உண்டு. மிளகின் தாயகம் கொங்கு நாட்டின் மேற்கு வேலியாகிய மேற்குத் தொடர்ச்சி மலை. இந்தப் பழம் கொங்கு நாட்டுக்கு வந்த வழி, அது நோன்போடு கொண்ட உறவு, இங்கு அதற்கு ஏற்பட்ட மாற்றங்கள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

சொல்லும் மரமும்

தமிழ்நாட்டில் இயல்பாக வளரும் ஈச்சமரமும், அரபு நாட்டுப் பேரீச்சை மரமும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஈச்சமரத்தின் பழம் சிறியது. கொட்டை பெரிது, சதை குறைவு. அதே குடும்பத்தில் பெரிய பழம் தரும் மரம் என்பதால் வெளிநாட்டு மரம் 'பேரீச்சை' என்று பெயர் பெற்றது. ஈச்ச மரத்தின் பழைய பெயர் ஈந்து. எயினர் தம் குடிசைகளை ஈந்தின் இலையால் வேய்ந்ததைப் பெரும்பாணாற்றுப்படை குறிப்பிடுகிறது. தமிழ் முஸ்லிம்களின் பேச்சில் இன்றும் வழங்கும் 'பேரீத்தம்பழம்' என்ற சொல்லில் அந்தப் பழைய ஈந்தின் ஒலி தங்கியிருக்கிறது.

'நோன்பு' என்பதும் பழந்தமிழ்ச் சொல்லே. சமணர், சைவர், வைணவர், முஸ்லிம்கள் என அனைவரும் தத்தம் விரதத்தைக் குறிக்க இச்சொல்லைப் பயன்படுத்தியுள்ளனர். பாவை நோன்பு, காரடையான் நோன்பு என்பவை போலவே ரமலான் நோன்பும் தமிழில் வழங்குகிறது. விரதத்தை முடிப்பதைத் தமிழ் முஸ்லிம்கள் 'நோன்பு திறத்தல்' என்பர். 'முறித்தல்' என்ற சொல்லை இதற்கு ஆள்வதில்லை. நாள் முழுவதும் மூடியிருந்த கதவைத் திறப்பது போன்ற பொருளைத் தரும் சொல் இது. அரபியில் இது இஃப்தார் எனப்படும்.

நோன்பில் பேரீச்சையின் இடம்

ரமலான் என்பது இஸ்லாமிய நாட்காட்டியின் ஒன்பதாவது மாதம். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் இம்மாத நோன்பு கடமையாக்கப்பட்டது. வைகறையில் தொடங்கி ஞாயிறு மறையும் வரை உணவும் நீரும் இன்றி இருப்பது இந்நோன்பின் முறை. நோயாளிகள், பயணிகள் முதலியோருக்கு விலக்கு உண்டு.

நபிகள் நாயகம் மாலைத் தொழுகைக்கு முன் கனிந்த பேரீச்சைகளைக் கொண்டும், அவை இல்லாதபோது உலர்ந்த பேரீச்சைகளைக் கொண்டும், அவையும் இல்லாதபோது சில மிடறு நீரைக் கொண்டும் நோன்பு திறந்ததாக அனஸ் அவர்கள் வழி வந்த ஹதீஸ் கூறுகிறது. அபூதாவூத், திர்மிதி ஆகிய தொகுப்புகளில் இது இடம்பெற்றுள்ளது. இந்த வரிசையில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. பேரீச்சை கிடைக்காதவருக்கு நீரே போதும் என்று அது முடிகிறது. எனவே பேரீச்சை விளையாத ஊர்களிலும், அதை வாங்க இயலாத ஏழை வீடுகளிலும் நோன்பு திறப்பதற்குத் தடை எழவில்லை. ஒற்றைப்படை எண்ணிக்கையில், பெரும்பாலும் ஒன்று அல்லது மூன்று பழம் உண்பது பலரது வழக்கம்.

சந்திர நாட்காட்டியைப் பின்பற்றுவதால் ரமலான் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னதாக வரும். சுமார் 33 ஆண்டுகளில் அது எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். கோயம்புத்தூர் நிலநடுக்கோட்டிலிருந்து 11 பாகை வடக்கே இருப்பதால் பகற்பொழுது பெரிதும் மாறுவதில்லை. மார்கழியில் ரமலான் வந்தால் நோன்பு நேரம் 13 மணி நேரத்தை ஒட்டியும், ஆனியில் வந்தால் 14 மணி நேரத்தை ஒட்டியும் அமையும். கால அளவு அதிகம் மாறாவிட்டாலும் சித்திரை, வைகாசி வெயிலில் தாகம் கடுமையாக இருக்கும்.

அவ்வளவு நேரம் வெறும் வயிற்றுடன் இருந்த உடலுக்குப் பேரீச்சை விரைவில் தெம்பு தருகிறது. 100 கிராம் பேரீச்சையில் ஏறத்தாழ 280 கலோரி ஆற்றலும், 63 முதல் 66 கிராம் வரை சர்க்கரையும், 7 கிராம் அளவு நார்ச்சத்தும் உள்ளன. அந்தச் சர்க்கரையின் பெரும்பகுதி குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் ஆகிய எளிய வடிவில் இருப்பதால் குடல் அதை விரைந்து ஏற்கிறது. பொட்டாசியமும் மிகுதியாக உண்டு.

உரோமானியரின் பூரணம்

அப்பீசியசு என்பவர் பெயரால் வழங்கும் உரோமானியச் சமையல் நூலில் வீட்டு இனிப்புகள் என்ற பகுதி உண்டு. பேரீச்சையின் கொட்டையை நீக்கி, அதில் பருப்பையோ பொடித்த மிளகையோ அடைத்து, மேலே உப்புத் தூவி, தேனில் வதக்கி எடுக்க வேண்டும் என்பது அங்குள்ள செய்முறை. இனிப்புக்குள் மிளகு என்பது இன்று வியப்பாகத் தோன்றலாம். உரோமானியருக்கு மிளகு என்பது கடல் கடந்து வந்த உயர்ந்த பொருள். செல்வரின் விருந்தில் அதற்குத் தனி மதிப்பு இருந்தது.

அந்த மிளகு மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைந்து, சேர நாட்டு முசிறித் துறைமுகம் வழியாகச் சென்றது. யவனர் பொன்னொடு வந்து மிளகொடு திரும்பிய செய்தி அகநானூற்றில் உள்ளது. முசிறிக்கும் உள்நாட்டுக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் வாசலாக அமைந்தது. இந்தியாவில் உரோமானியக் காசுகள் மிகச் செறிவாகக் கிடைத்த பகுதிகளுள் கொங்கு நாடு முதன்மையானது. வெள்ளலூர், பொள்ளாச்சி போன்ற இடங்களில் காசுப் புதையல்கள் கிடைத்துள்ளன. நொய்யல் ஆற்றங்கரையில் ஈரோடு மாவட்டத்திலுள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகள், மணிக்கற்களைப் பட்டை தீட்டும் தொழிலும் இரும்புத் தொழிலும் அங்கே செழித்திருந்ததைக் காட்டின. கொங்கின் பச்சைக்கல்லும் சேரநாட்டு மிளகும் மேற்கே சென்றன. உரோமின் காசு கிழக்கே வந்தது.

அதே கடற்பாதையில் பேரீச்சையும் இந்தியா வந்தது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த செங்கடல் வழிகாட்டி நூலாகிய பெரிப்புளூசு, பாரசீக வளைகுடாத் துறைகளிலிருந்து பரிகாசா எனப்பட்ட இன்றைய பரூச் நகருக்கு மிகுதியான பேரீச்சை அனுப்பப்பட்டதைக் குறிப்பிடுகிறது. இந்தியாவுக்கும் பேரீச்சைக்குமான வணிக உறவு இஸ்லாம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தொடங்கியது என்பதற்கு இது சான்று.

பாக்தாத் சமையல் நூல்

கி.பி. 1226இல் முகம்மது பின் அல்-ஹசன் அல்-பாக்தாதி என்பவர் அரபியில் ஒரு சமையல் நூலை எழுதினார். அதில் தேனில் ஊறிய பேரீச்சைக்கு ஒரு செய்முறை உண்டு. புதிதாகப் பறித்த பழத்தின் கொட்டையை ஊசியால் எடுத்துவிட்டு, தோல் நீக்கிய பாதாம் பருப்பை வைத்து, தேனும் பன்னீரும் குங்குமப்பூவும் சேர்த்துப் பக்குவப்படுத்த வேண்டும் என்கிறது அந்நூல். கொட்டை இருந்த அதே குழியில் கொட்டையைப் போன்ற வடிவுள்ள பாதாமை வைப்பது என்ற எண்ணம் அன்றே உருவாகிவிட்டது. இன்று உக்கடத்தில் விற்கப்படும் பாதாம் பேரீச்சை அந்த வரிசையில் வருவதுதான்.

இவ்விரண்டு பழைய செய்முறைகளிலும் அடுப்பும் தேனும் உண்டு. அடுப்பில்லாத செய்முறை எளிய வீடுகளுக்கு உரியது. பழத்தின் இனிப்பே போதும் என்பதால் தேனையும் சர்க்கரையையும் அது விலக்கிவிடுகிறது. பேரீச்சையுடன் வெண்ணெய் சேர்த்து உண்பதும் அரபு நாட்டின் பழைய வழக்கம். நபிகள் நாயகம் வெண்ணெயும் பேரீச்சையும் விரும்பி உண்டதாக அபூதாவூத் தொகுப்பில் ஒரு ஹதீஸ் உள்ளது.

மரக்கலமும் தொடர்வண்டியும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அரபுப் பாய்மரக் கப்பல்களின் பயணம் பேரீச்சை அறுவடையை ஒட்டியே அமைந்தது. ஷத்துல் அரபு ஆற்றங்கரைத் தோப்புகளில் பழம் பறித்து முடிந்ததும், பஸ்ராவிலும் குவைத்திலும் இருந்து கப்பல்கள் புறப்படும். ஒரு பகுதி ஆப்பிரிக்கக் கரைக்கும் மற்றொரு பகுதி இந்தியாவின் மேற்குக் கரைக்கும் செல்லும். மலபார்க் கரையில் பேரீச்சையை இறக்கிவிட்டுத் தேக்கு மரத்தை ஏற்றிக்கொண்டு திரும்புவர். அந்தத் தேக்கே அடுத்த கப்பலுக்குப் பலகையாயிற்று.

கோழிக்கோட்டில் இறங்கிய சரக்கு உள்நாடு செல்லப் பழைய பாலக்காட்டுக் கணவாய் மீண்டும் உதவியது. சென்னையையும் மேற்குக் கரையிலுள்ள பேப்பூரையும் இணைக்கும் இருப்புப்பாதை 1862இல் போத்தனூர் வழியாக நிறைவுற்றது. மாட்டு வண்டியில் பல நாட்கள் எடுத்த தொலைவு ஒரு நாளுக்குள் அடங்கியது. மேற்குக் கரைச் சரக்குகள் கொங்குச் சந்தைகளுக்கு எளிதில் வந்து சேர்ந்தன.

கொங்கு நாட்டு முஸ்லிம்கள் ஒரே மரபினர் அல்லர். குதிரை வணிகத்தோடும் குதிரைப் படையோடும் தொடர்புடைய இராவுத்தர்கள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சிக் காலத்தில் கோயம்புத்தூர் மைசூர் அரசின் கீழ் இருந்தது. 1799இல் திப்பு மறைந்தபின் ஆங்கிலேயர் வசமாயிற்று. அக்காலத் தொடர்பால் தக்கணி உருது பேசுவோரும் இங்கு உள்ளனர். கணவாய் வழியாக வந்த மலையாளம் பேசும் மாப்பிள்ளைமாரும், வணிகத்தின் பொருட்டு வந்த குசராத்தியரும் உண்டு. கோட்டைமேடு என்னும் பெயர் பழைய கோட்டையை நினைவூட்டுகிறது. ஒப்பணக்காரத் தெருவிலுள்ள அத்தர் ஜமாத் பள்ளிவாசல், நறுமணப் பொருள் விற்ற வணிகரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இவர்களின் மொழியும் சமையலும் வேறுவேறாயினும் மாலையில் அனைவர் தட்டிலும் முதலில் இருப்பது பேரீச்சையே.

பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்

தமிழ்நாட்டில் பேரீச்சையை எல்லாச் சமயத்துக் குழந்தைகளுக்கும் அறிமுகப்படுத்தியவர்கள் தெரு வணிகர்களே. தள்ளுவண்டியிலோ மிதிவண்டியிலோ வந்து, பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவி விற்பது பல பத்தாண்டுகள் நிலைத்த காட்சி. ஓட்டை வாளி, உடைந்த கதவுக் கீல், தேய்ந்த அரிவாள் ஆகியவற்றைக் கொடுத்தால் வணிகர் கட்டியாக அமுக்கி வைத்த பேரீச்சையிலிருந்து ஒரு துண்டை வெட்டித் தாளில் வைத்துத் தருவார். காசில்லாத வீட்டிலும் பழைய இரும்பு இருக்கும். எனவே பழம் எல்லா வீட்டுக்கும் சென்றது.

இதிலிருந்து ஒரு வழக்காறும் பிறந்தது. பயன்படாத பொருளை 'பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்' என்று சொல்லும் கேலி இன்றும் பேச்சில் உண்டு. பஞ்சாலைகள், வார்ப்படச் சாலைகள், மோட்டார் பம்புத் தொழிற்கூடங்கள் நிறைந்த கோயம்புத்தூரில் பழைய இரும்பு வெறும் குப்பை அன்று. அது உருக்கி வார்க்கும் தொழிலுக்கு மூலப்பொருள். உலையில் முடிந்த ஒரு பண்டமாற்றின் மறுமுனையில் பேரீச்சை இருந்தது.

பின்னர்ப் பொட்டலத்தில் அடைத்த பழம் வந்தது. திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த லயன் டேட்ஸ் நிறுவனம் கொட்டை நீக்கிய பேரீச்சையையும் பேரீச்சைப் பாகையும் விளம்பரங்கள் மூலம் தமிழகமெங்கும் பரப்பியது. கொட்டை நீக்கிய பழம் கடையிலேயே கிடைத்ததால் வீட்டில் பூரணம் வைப்பது மேலும் எளிதாயிற்று.

இன்று கடைகளில் பல வகைகள் உள்ளன. மதீனாவின் அஜ்வா, சவூதியின் சுக்கரி, ஈரானின் கருமையான மஜாஃபத்தி, ஈராக்கின் ஜாஹிதி, துனீசியாவின் டெக்லெட் நூர் ஆகியவை அவற்றுள் சில. பூரணம் வைக்க ஏற்றதாகப் பலர் கருதுவது மெட்ஜூல். பெரிய உருவமும் மென்மையான சதையும் உடைய இவ்வகையின் தாயகம் மொராக்கோ. அங்கு மரங்களை ஒரு பூஞ்சை நோய் அழித்து வந்த வேளையில், 1927இல் வால்டர் சுவிங்கிள் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் 11 கன்றுகளை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார். அவற்றுள் 9 பிழைத்தன. கலிபோர்னியத் தோப்புகள் அவற்றின் வழி வந்தவை.

செய்முறை

அடுப்பின்றிப் பூரணம் வைக்கும் முறை வருமாறு.

நான்கு பேருக்கு 12 பேரீச்சைகள் போதும். பழம் மென்மையாக இருக்க வேண்டும். காய்ந்து இறுகியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் ஊறவைத்துத் துணியால் ஒற்றி எடுக்கலாம். காம்பு முனையிலிருந்து அடிவரை ஒரு பக்கம் மட்டும் கீற வேண்டும்; இரண்டாகப் பிளந்துவிடக் கூடாது. கொட்டையை எடுத்தபின் உட்பகுதியை வெளிச்சத்தில் பார்ப்பது அவசியம். சில பழங்களில் பூச்சியோ கரும்பூஞ்சையோ இருக்கக்கூடும்.

பூரணத்திற்குக் கொங்கு நாட்டிலேயே கிடைக்கும் பொருள்கள் பல. வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலையை ஒன்றிரண்டாகப் பொடித்து ஒரு சிட்டிகை சுக்குத் தூளுடன் சேர்ப்பது ஒரு வகை. துருவிய தேங்காயும் ஏலக்காயும் சேர்ப்பது மற்றொரு வகை. பொள்ளாச்சித் தேங்காய்க்கு இங்குக் குறைவில்லை. வறுத்த எள்ளைப் பொடித்து வைக்கலாம். வெண்ணெய்க்குப் பெயர்பெற்ற ஊத்துக்குளி திருப்பூர் மாவட்டத்தில் இருப்பதால் அரபு முறைப்படி வெண்ணெய் வைப்பதும் எளிது. அதன்மேல் நுனிவிரலளவு உப்புத் தூவினால் இனிப்பு தூக்கலாகத் தெரியும். உரோமானிய முறையைப் பார்க்க விரும்புவோர் பாதாம் பருப்புடன் சிறிது மிளகுத் தூளைச் சேர்த்துப் பார்க்கலாம்.

ஒரு பழத்திற்கு அரைத் தேக்கரண்டி பூரணம் போதும். வைத்தபின் விரலால் அழுத்தி மூட வேண்டும். தேங்காய், வெண்ணெய் வைத்தவற்றை அன்றே உண்டுவிட வேண்டும். பருப்பு வைத்தவை மூடிய பாத்திரத்தில் சில நாட்கள் இருக்கும். சிறு குழந்தைகளுக்கு முழுப் பருப்பு தொண்டையில் சிக்கும் என்பதால் பொடித்தே வைக்க வேண்டும்.

பூரணம் எதுவாயினும் அளவு முக்கியம். 24 கிராம் எடையுள்ள ஒரு மெட்ஜூல் பழத்தில் மட்டும் ஏறத்தாழ 16 கிராம் சர்க்கரை உண்டு. அது நான்கு தேக்கரண்டிச் சர்க்கரைக்குச் சமம். அதற்குள் சாக்லேட், கெட்டிப்பால் போன்றவற்றை நிரப்பினால் அது நோன்பு திறக்கும் உணவாக இராது, இனிப்புப் பண்டமாகிவிடும். நீரிழிவு நோயாளர்கள் நோன்பு வைப்பது குறித்தும், எத்தனை பழம் உண்பது என்பது குறித்தும் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். கடலையும் பாதாமும் சேரும்போது சர்க்கரை இரத்தத்தில் சற்று மெதுவாகவே ஏறும் என்பதால் பருப்புப் பூரணம் இவ்வகையில் மேலானது.

கஞ்சியும் பகிர்வும்

தமிழ்நாட்டில் நோன்பு திறப்பின் இரண்டாவது உணவு நோன்புக் கஞ்சி. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால் ஆகியவை சேர்த்துப் பெரிய அண்டாக்களில் பள்ளிவாசல்களில் காய்ச்சப்படுகிறது. பிற்பகல் முதலே தூக்குவாளிகளுடன் மக்கள் வரிசையில் நிற்பர். அவ்வரிசையில் பிற சமயத்தவரும் உண்டு. இக்கஞ்சிக்கு அரிசி வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2001இல் தொடங்கியது.

பகிர்வு எளிதாக இல்லாத காலமும் கோயம்புத்தூர் வரலாற்றில் உண்டு. 1997 நவம்பர் இறுதியில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த வன்முறையிலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர். கடைகள் சூறையாடப்பட்டன. 1998 பிப்ரவரி 14 அன்று நடந்த தொடர் குண்டுவெடிப்புகளில் 58 பேர் உயிரிழந்தனர்; இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அந்த ஆண்டின் ரமலான் இவ்விரு துயரங்களுக்கும் இடையே, 1998 ஜனவரியில் வந்தது. கடையை இழந்த சிறு வணிகர்களும், உறவினரை இழந்த குடும்பங்களும் அந்த மாதத்தில் நோன்பு திறந்தனர். குண்டுவெடிப்பில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அடுத்த பண்டிகை வெறுமையாக வந்தது. ஒரு தெருவில் இருப்பவர் அடுத்த தெருக் கடைக்குப் போகத் தயங்கும் நிலை பல ஆண்டுகள் நீடித்தது.

இப்பின்னணியை அறிந்தவர்க்கே, ரமலான் மாலையில் அண்டை வீட்டுக்குச் செல்லும் ஒரு தட்டின் மதிப்பு புரியும். அடுப்பில் ஏற்றாத, இறைச்சி கலவாத, எச்சில் படாத ஒரு பழத்தைச் சைவ உணவினரும் தயக்கமின்றிப் பெற்றுக்கொள்ள முடியும். கஞ்சியைச் சிலர் இறைச்சி சேர்த்தும் காய்ச்சுவதால் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். பேரீச்சைக்கு அந்தக் கேள்வி எழுவதில்லை.

2020இல் வேறொரு சோதனை வந்தது. கொரோனா ஊரடங்கு நடைமுறையில் இருந்தபோது, ஏப்ரல் 25 அன்று தமிழ்நாட்டில் ரமலான் தொடங்கியது. வழிபாட்டுத் தலங்கள் மூடப்பட்டிருந்தன. கஞ்சி காய்ச்சிப் பொதுவில் வழங்க இயலவில்லை. பள்ளிவாசல்களுக்கான பச்சரிசியைத் தன்னார்வலர்கள் வழியாக வீடுகளுக்கே கொடுக்க அரசு ஏற்பாடு செய்தது. ஊர் கூடித் திறக்கும் நோன்பு அந்த ஆண்டு வீட்டுக்குள் அடங்கியது. அவ்வாறான மாலைகளில் அண்டா இல்லாமல் செய்யக்கூடியதாக இருந்தது ஒரு தட்டுப் பேரீச்சைதான்.

கொங்கின் எல்லையில் விளையும் பேரீச்சை

பேரீச்சையின் வேர் நீரிலும் தலை நெருப்பிலும் இருக்க வேண்டும் என்பது அரபு வழக்கு. பழம் முதிரும்போது மழை பெய்தால் வெடித்து அழுகிவிடும். இதனால் தென்னிந்தியாவில் இது விளையாது என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. இந்தியாவில் குசராத்தின் கச்சுப் பகுதியே பேரீச்சைக்குப் பெயர்பெற்றது.

கொங்கு நாட்டின் வடகிழக்கு எல்லையை ஒட்டிய தருமபுரி மாவட்டத்தின் அரியாகுளத்தில் இக்கருத்து மாறியது. அங்கு அமைந்த பேரீச்சைத் தோட்டம் தமிழ்நாட்டின் முன்னோடித் தோட்டங்களுள் ஒன்று. ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனியாக இருப்பதால், விதையிலிருந்து வளர்த்தால் பாதி மரங்கள் ஆணாகவே முடியும். திசு வளர்ப்புக் கன்றுகள் அந்தச் சிக்கலைத் தீர்த்தன. இங்கு மிகுதியாக வளர்க்கப்படும் பர்ஹி வகையின் பழத்தை மஞ்சள் நிறத்தில், முற்றிலும் கனியாத பருவத்திலேயே உண்ணலாம். மழைக்கு முன் பறித்துவிடலாம் என்பது இவ்வகையின் சிறப்பு. மகரந்தத்தைக் கையால் தூவி, குலைகளுக்கு உறையிட்டு, பொதுவாக சூன் முதல் ஆகஸ்டு வரை அறுவடை செய்கின்றனர்.

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதியமான் ஆண்ட ஊர். அதியமானின் முன்னோர் கரும்பை வெளியிலிருந்து இந்நாட்டுக்குக் கொண்டு வந்ததாகப் புறநானூறு கூறுகிறது. வந்த பயிர் சொந்தப் பயிராக மாறுவது இம்மண்ணுக்குப் புதிதன்று. கரும்பு ஆராய்ச்சிக்கென 1912இல் கோயம்புத்தூரில் நிறுவப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையம் உருவாக்கிய வகைகள் பல நாடுகளுக்குச் சென்றன.

எனினும் நாட்காட்டி இங்கே ஒரு தடையை வைத்துள்ளது. 2015இல் ரமலான் சூன் மாத நடுவில் தொடங்கியது. அப்போது புதுப் பழம் சந்தையில் இருந்தது. 2025இல் அது மார்ச்சுக்கு வந்துவிட்டது. அப்போது மரத்தில் பழம் இல்லை. மீண்டும் அறுவடைக் காலத்தில் ரமலான் வர 2040களை எட்ட வேண்டும். அதுவரை நோன்புக்கான பேரீச்சையின் பெரும்பகுதி இறக்குமதியையே நம்பியுள்ளது. உலகில் பேரீச்சையை மிகுதியாக இறக்குமதி செய்யும் நாடுகளுள் இந்தியா முன்னிலையில் உள்ளது. நாடுகளுக்கிடையிலான பூசலும் இதன் விலையை உடனே பாதிக்கும். புல்வாமா தாக்குதலுக்குப்பின் 2019 பிப்ரவரியில் பாகிஸ்தான் பொருள்களுக்கு இந்தியா 200 விழுக்காடு இறக்குமதி வரி விதித்தது. அதுவரை பெரும்பாலும் அங்கிருந்தே வந்த காய்ந்த பேரீச்சையின் விலை அதனால் உயர்ந்தது.

உலக மதிப்பு

பேரீச்சை மரம் சார்ந்த அறிவும் மரபுகளும் 2019இல் யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 2023இல் இஃப்தார் மரபும், அசர்பைசான், ஈரான், துருக்கி, உசுபெக்கிசுத்தான் ஆகிய நாடுகளின் முன்மொழிவால் அதில் இடம்பெற்றது. அங்கு மதிப்பளிக்கப்பட்டது உணவின் சுவைக்காக மட்டும் அன்று. ஒன்றாக அமர்ந்து பகிரும் வழக்கத்திற்காகவும் ஆகும்.

பெட்டியில் அடுக்கி விலையுயர்ந்த பரிசாக விற்கப்படும் பூரணப் பேரீச்சையும், தூக்குவாளிக் கஞ்சியுடன் தாளில் வைத்துத் தரப்படும் ஒற்றைப் பழமும் நோன்பாளிக்கு ஒரே பணியையே செய்கின்றன. முன்னதை வாங்க இயலாதவர் பின்னதால் குறைவுபடுவதில்லை. இரண்டும் இல்லாதவருக்கு நீர் உண்டு. நொய்யல் கரையில் உரோமின் காசு இறங்கிய காலம் முதல் தருமபுரியில் மஞ்சள் குலை தொங்கும் இக்காலம் வரை, இப்பழம் கொங்கு நாட்டுக்கு வணிகர், வண்டிக்காரர், பழைய இரும்புக்காரர், உழவர் எனப் பலர் கை மாறி வந்துள்ளது. மாலைத் தொழுகைக்கான அழைப்பு ஒலிக்கும்போது அதைப் பக்கத்து வீட்டுக்கு நீட்டும் கையும் அவ்வரிசையில் ஒன்று.